பச்சை ஒரு நிறமே இல்லை

க்ரோன்பெக் நகராட்சியில் கெர்லிண்ட ஓஸ்ட்காம்ப் பத்தொன்பது வருடங்களாக வேலை செய்துவந்தார். அவர் வேலை செய்வதை யாரும் பார்த்ததில்லை. காரணம் எளிது: அவருடைய மேசை நிலவறையில் இருந்தது.

நிலவறைக்கு ஜன்னல் கிடையாது. கூரையோரமாகக் கம்பிவலை போட்ட ஒரு கீற்று மட்டும் உண்டு. அதன் வழியாகப் பார்த்தால் சந்தைச் சதுக்கத்தில் நடப்பவர்களின் காலணிகள் தெரியும். கெர்லிண்டவுக்கு ஊரில் பாதிப் பேரைக் காலணியாகத்தான் தெரியும். ரப்பர் பூட்ஸ் வந்தால் நவம்பர். செருப்பு வந்தால் ஜூன். மேயர் ஃபென்னர் என்பவர் பழுப்புத் தோல், புதிய குதிகால்.

கட்டட அனுமதிக் கோப்புகள் மொத்தமும் அவர் பொறுப்பில் இருந்தன. ஊரில் எவர் கோழிக்கூண்டு கட்டினாலும், கூரையில் ஓட்டை போட்டாலும், அதற்கு ஒரு கோப்பு உண்டு. மாடியிலிருந்து போன் வரும். கெர்லிண்ட கோப்பை எடுத்துக்கொண்டு நாற்பத்திரண்டு படி ஏறுவார். மறுநாள் அதையே வாங்கிக்கொண்டு நாற்பத்திரண்டு படி இறங்குவார். தூசியினால் மூச்சிரைப்பு வந்தது. மருத்துவர் சான்றிதழ் கொடுத்தார். அந்தச் சான்றிதழுக்கும் ஒரு கோப்பு போடப்பட்டு, அதையும் அவரே கீழே கொண்டுவந்து அடுக்கினார்.

ஜன்னல் உள்ள அறை வேண்டுமென்று ஐந்து முறை மனு கொடுத்தார். ஐந்து முறையும் ஒரே பதில்: கோப்புகள் எங்கே இருக்கின்றனவோ, கோப்புப் பொறுப்பாளரும் அங்கேதான் இருக்கவேண்டும். பதிலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாடியில் வெயிலில் உட்கார்ந்து எழுதியதால் கையெழுத்து வேறு மிக அழகாக இருந்தது.

அதனால், பழைய கோப்புகளையெல்லாம் கணினிக் காப்பகத்துக்குள் ஏற்றப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது நகராட்சியில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் கெர்லிண்டதான். மற்றவர்கள் வேலை போய்விடுமோ என்று பயந்தார்கள். அவர் கணக்குப் போட்டது வேறு. காகிதம் நிலவறையை விட்டுப் போனால் நானும் போகலாம் அல்லவா?

துறைத் தலைவி திருமதி ஹெல்விக்கிடம், அந்த ஊர் வழக்கில் ஃப்ராவ் ஹெல்விக்கிடம், நேராகவே கேட்டார்.

"எல்லாம் ஏத்தி முடிச்சா எனக்கு மேல ரூம் உண்டா?"

"நூறு சதவீதம் முடிஞ்சா அறை நூத்திப் பதினாலு உங்களுக்குத்தான். சதுக்கத்து லிண்டன் மரத்தப் பார்த்த மாதிரி இருக்கும்."

"எழுதித் தருவீங்களா?"

ஃப்ராவ் ஹெல்விக் நீல மையில் எழுதிக் கொடுத்தார். அவர் எதை எழுதினாலும் நீலம்தான். இந்த ஊர் நகராட்சியில் மேயர் பச்சையில் எழுதுவார், துணை மேயர் சிவப்பில் எழுதுவார், துறைத் தலைவர்கள் நீலத்தில் எழுதுவார்கள், மிச்சமுள்ள ஜனங்கள் கறுப்பில் எழுதுவார்கள். ஃபென்னர் பதவியேற்ற அன்று கழுத்துக்குச் சங்கிலியும் சட்டைப் பைக்குப் பச்சை மைப் பேனாவும் கொடுத்தார்கள். சங்கிலியை அவர் வருடத்துக்கு இரண்டு முறை போடுவார். பேனாவைக் குளியலறைக்குக்கூட எடுத்துப்போவார் என்று பேச்சு.

அக்டோபரில் மென்பொருள் நிறுவனத்திலிருந்து திருவாளர் லூடெக்க, அங்கத்திய வழக்கில் ஹெர் லூடெக்க, வந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. வெள்ளைக் கான்வாஸ் காலணி. கெர்லிண்ட முதலில் பார்த்தது அதைத்தான்.

"இது ஒண்ணுமே இல்ல, ஃப்ராவ் ஓஸ்ட்காம்ப். நீங்க பெட்டிய நீட்டுங்க, மிச்சத்த அது பார்த்துக்கும்."

"எது பார்த்துக்கும்?"

"மென்பொருள்தான். பக்கத்தப் படம் பிடிக்கும், எழுத்தப் படிக்கும், வருஷம், தெரு, பேரு, விஷயம் எல்லாத்தையும் தானே பிரிச்சு அட்டவணை போட்டுரும். அப்புறம் நீங்க தேடினா அரை நொடியில வந்து நிக்கும்."

"அதுக்கு ஹெர் க்ரோட்டெவோட கையெழுத்து படிக்கத் தெரியுமா? பதினேழு வருஷம் இங்க எழுதினவர்."

"கத்துக்கும்."

"அவருக்கே படிக்கத் தெரியாது. என்கிட்டதான் கொண்டுவந்து கேப்பாரு."

லூடெக்க சிரித்தார். சிரித்தபடியே நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை நீட்டினார். எத்தனை பெட்டி, எந்த அளவுத் தாள், எத்தனை ஸ்டேப்ளர் ஊசி என்று போய்க்கொண்டிருந்தது. பதினேழாவது கேள்வி: உங்கள் கோப்புகளில் நிறத்துக்குப் பொருள் உண்டா?

கெர்லிண்ட ஒரு நிமிடம் யோசித்தார். கோப்பு அட்டைகள் சில சாம்பல், சில ரோஜா நிறம். எந்த வருடம் எந்த அட்டை மலிவோ அந்த நிறம். புகைப்படங்கள் அதிகம் இல்லை. வரைபடங்கள் எல்லாம் பென்சில்.

"இல்ல. நிறத்துக்கு ஒரு அர்த்தமும் இல்ல."

"ரொம்ப நல்லதாப் போச்சு! கறுப்பு வெள்ளைன்னா மூணு மடங்கு வேகம். கலர்னா அடுத்த வருஷக் கடைசி ஆயிரும். இப்ப மே மாசத்துலயே முடிச்சிரலாம்."

மே மாதத்தில் லிண்டன் மரம் முழுசாகத் துளிர்த்திருக்கும். கெர்லிண்ட 'இல்லை' என்ற கட்டத்தில் அழுத்தமாகப் பெருக்கல் குறி போட்டார்.

அவர் பொய் சொல்லவில்லை. மறக்கவும் இல்லை. க்ரோன்பெக் நகராட்சியில் பச்சை என்பது நிறமே இல்லை; அது மேயர். சிவப்பு என்பது துணை மேயர். ஒரு கோப்பைத் திறந்து "இங்க பச்சையா எழுதியிருக்கு" என்று அங்கே யாரும் சொல்லமாட்டார்கள். "மேயர் எழுதியிருக்காரு" என்பார்கள். எனவே படிவம் மாடிக்குப் போனது. நிறத்துக்குப் பொருள் இல்லை என்பதை ஃப்ராவ் ஹெல்விக் நீலத்தில் ஒப்புக்கொண்டார். துணை மேயர் சிவப்பில் ஆமோதித்தார். மேயர் ஃபென்னர் பச்சையில் கையெழுத்திட்டார். நான்கு பேர், நான்கு மை, ஒரே கருத்து. இத்தனை ஒற்றுமை அந்தக் கட்டடத்தில் அதற்கு முன் இருந்ததில்லை.

படம் பிடிக்கும் வேலை ஆரம்பமானது. மென்பொருள் கற்றுக்கொள்ளத்தான் செய்தது. காபிக் கோப்பை வைத்த வட்டக் கறைகளை அரசு முத்திரை என்று கற்றுக்கொண்டு, நானூறு பக்கங்களை 'முத்திரையிடப்பட்டவை' பட்டியலில் சேர்த்தது. தாளின் அடியில் 'பின்புறம் பார்க்க' என்று எழுதியிருந்ததைத் தெருவின் பெயராக எடுத்துக்கொண்டது. இப்படியாக க்ரோன்பெக்கில் 'பின்புறம் பார்க்க' என்றொரு தெரு உருவாகி, பிப்ரவரிக்குள் அதில் அறுநூற்றுப் பதினோரு வீடுகள் குடியேறின. ஊரிலேயே நீளமான தெரு. அங்கே பனி அள்ளுவதற்கு ஆள் போடவில்லை என்று கணினி நினைவூட்டல் வேறு அனுப்பியது.

"ஹெர் லூடெக்க, அப்படி ஒரு தெருவே கிடையாதுங்க."

"அமைப்புல இருக்கே."

"அமைப்புல இருக்கு. ஊர்ல இல்ல."

"ஊரத் திருத்த என்கிட்ட அதிகாரம் இல்ல. அத 'மற்றவை'ல போட்டுருவோம்."

எதைப் படிக்க முடியவில்லையோ, எது எதிலும் சேரவில்லையோ, அது 'மற்றவை'. ஹெர் க்ரோட்டெவின் பதினேழு வருட உழைப்பு மொத்தமாக அங்கே போனது. கெர்லிண்ட காலை ஏழு மணிக்கே வந்து ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து, சரியான தெருவுக்குத் திருப்பி அனுப்பினார். 'பின்புறம் பார்க்க' தெருவை வீடு வீடாகக் காலி செய்தார். சுவரில் ஒரு தாளை ஒட்டி அன்றன்றைய சதவீதத்தைக் குறித்தார். கட்டடப் பராமரிப்பாளர் ஓலாஃப் தினமும் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போவார். அந்தக் கட்டடத்தில் கெர்லிண்ட நீ, வா, போ என்று பேசுகிற ஒரே ஆள் ஓலாஃப்.

"அறுபத்தெட்டா? ஏய், என் கார் கடனே இவ்வளவு மெதுவா அடையலடி."

"நீ பேசிக்கிட்டே இரு. நான் மேல போனப்புறம் இங்க யாரோட பேசுவ?"

"இந்த எடத்துல மின்சார சைக்கிளுக்கு சார்ஜ் போடுற எடம் வரப்போகுதாம். சைக்கிளோட பேசிக்கிறேன். உன்ன விடக் கம்மியாத்தான் அலுத்துக்கும்."

மே மாதம் ஐந்தாம் தேதி, வெள்ளை அஸ்பாரகஸ் தண்டுகள் சந்தையில் குவிந்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, சுவரில் நூறு என்று எழுதினார். கொண்டாடுகிறவர்தான் கேக் கொண்டுவர வேண்டும் என்பதால் கெர்லிண்டவே வெண்ணெய்க் கேக் இரண்டு தட்டு சுட்டுக் கொண்டுவந்தார். மேயர் சகோதர நகரத்து விழாவுக்காகப் பிரான்சுக்குக் கிளம்பும் அவசரத்திலும் வந்து ஆறு நிமிடம் பேசினார். காகிதம் இல்லாத எதிர்காலம் வந்துவிட்டது என்றார். பேச்சை மூன்று காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். போகிற போக்கில் பழைய கோப்புகளை அழிக்கும் உத்தரவில் பச்சையில் ஒப்பமிட்டார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அழிப்பு நிறுவனத்தின் லாரி வரும்.

அன்று மதியமே ஓலாஃப் கெர்லிண்டவின் மேசையிலிருந்த சிலந்திச் செடித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு அறை நூற்றுப் பதினான்குக்கு வந்தார். கெர்லிண்ட ஜன்னலைத் திறந்தார். லிண்டன் இலைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. சதுக்கத்தில் மனிதர்கள் முழுசாக நடந்துபோனார்கள், தலை உட்பட. எதிர் ரொட்டிக்கடைக்காரருக்கு வழுக்கை என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது.

ஜன்னல் இன்பம் மறுநாள் காலைவரை நீடித்தது.

புதன்கிழமை காலை ஹெர் பீப்பன்ப்ரோக் வந்தார். வயது எண்பத்தொன்று. ஓய்வுபெற்ற தபால்காரர். வீட்டுக் கொல்லையில் பந்தயப் புறா வளர்ப்பவர். பக்கத்து வீட்டை ஒரு பல் மருத்துவர் புதிதாக வாங்கி வெள்ளைக் கல்லில் முற்றம் போட்டிருந்தார். புறாக்களுக்கு வெள்ளைக் கல் மிகவும் பிடித்துப்போயிற்று. புறாக்கூட்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்டு மருத்துவரின் வக்கீல் கடிதம் போட்டிருந்தார்.

"எண்பத்திமூணுல மேயரே சரின்னாரும்மா. கெர்ஸ்டிங்குன்னு இருந்தாரே, அவரு. கோப்புல எழுதிட்டேன், போய்க் கூட்டக் கட்டுய்யான்னாரு."

"ஒரு நொடி இருங்க. இப்பல்லாம் படியே இறங்க வேண்டாம்," என்று கெர்லிண்ட பெருமையோடு விசைப்பலகையைத் தட்டினார். அரை நொடிகூட ஆகவில்லை. கோப்பு திரையில் வந்து நின்றது. தெரு சரி, வருடம் சரி, பெயர் சரி. விஷயம் என்ற இடத்தில் மட்டும் 'விமானப் போக்குவரத்து' என்று இருந்தது.

"கிடைச்சுதா?"

"கிடைச்சிருச்சு."

"என்ன போட்டிருக்கு?"

தாளின் ஓரத்தில் இரண்டு குறிப்புகள் இருந்தன. ஒன்று: 'ஆட்சேபம் இல்லை.' அதன் கீழே இன்னொன்று: 'முடியாது. அண்டை வீட்டார் நலன்.' இரண்டுக்கும் கீழே ஒரே மாதிரி ஒரு கிறுக்கல். அந்தக் காலத்து மேயர் கெர்ஸ்டிங், துணை மேயர் க்ரூஸ. இருவருமே 'K' என்று ஒற்றை எழுத்தைக் கிறுக்கிவிட்டுப் போகிறவர்கள். இருவருமே இப்போது கல்லறையில் இருந்தார்கள்.

"சரின்னும் போட்டிருக்கு. முடியாதுன்னும் போட்டிருக்கு," என்றார் கெர்லிண்ட.

"அது எப்படிம்மா? பச்சை எது? பச்சையப் பாரு. பச்சைதான் மேயர்."

கெர்லிண்ட பார்த்தார். திரையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார். ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பார்த்தார். ஆட்சேபம் இல்லை என்பது கறுப்பு. முடியாது என்பதும் கறுப்பு. அக்டோபரில் தான் போட்ட பெருக்கல் குறி அவருக்கு நினைவு வந்தது.

"என்னம்மா, முகமெல்லாம் வெளுத்துப்போச்சு?"

"ஒண்ணுமில்ல, ஹெர் பீப்பன்ப்ரோக். நீங்க போங்க. நான் போன் பண்றேன்."

"தபால்ல போடு. போன நான் நம்பறதில்ல."

அவர் போனதும் கெர்லிண்ட நாற்பத்திரண்டு படி இறங்கினார். பெட்டிகள் மரப்பலகைகளின்மேல் அடுக்கப்பட்டு லாரிக்காகத் தயாராக இருந்தன. புறாக்கூட்டுக் கோப்பைக் கண்டுபிடிக்க அவருக்கு நான்கு நிமிடம் ஆனது. திறந்தார். 'ஆட்சேபம் இல்லை' பச்சை. 'முடியாது' சிவப்பு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பதுபோல இரண்டும் பளிச்சென்று இருந்தன.

கைக்கு வந்த வேறு பெட்டிகளைத் திறந்தார். மழலையர் பள்ளிக் கூரை: சிவப்பு வேண்டாம் என்றது, பச்சை வேண்டும் என்றது. பழைய தோல் பதனிடும் ஆலை: நீலம் சரி என்றது, பச்சை கூடவே கூடாது என்றது. நாற்பது வருடங்களாக அந்த ஊர் முடிவெடுத்ததெல்லாம் இப்படித்தான், தாளின் ஓரத்தில், பேனாக்களின் சண்டையாக. கணினியில் ஏறியிருந்தது சண்டை மட்டும்தான். யார் ஜெயித்தார்கள் என்பது ஏறவில்லை.

மேலே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தார். நாளைக் காலை பத்து மணிக்கு லாரி வரும். பத்தரைக்குக் கோப்புகள் நாடா நாடாவாக ஆகிவிடும். அதற்குப் பிறகு பச்சை என்று ஒன்று இருந்ததை யாராலும் நிரூபிக்க முடியாது. ஜன்னல் அவருடையது. வாயைத் திறந்தால் நூறு சதவீதம் பூஜ்யம் ஆகும். பூஜ்யத்துக்கான அறை நிலவறை. அவர் மருத்துவச் சான்றிதழை நினைத்தார். வெளியே லிண்டன் மரம் ஆடியது. அந்த மரத்துக்கு நேரம் காலமே தெரியவில்லை.

ஆனால் பத்தொன்பது வருடங்களில் யார் என்ன கேட்டு வந்தாலும் "இருக்கு, இந்தாங்க" என்று கொடுத்த பெண் அவர். இனிமேல் சாகும்வரை "இருக்கு, ஆனா யார் சொன்னதுன்னு தெரியாது" என்று சொல்லவேண்டும். அதுவும் வெயிலில் உட்கார்ந்துகொண்டு. எழுந்து ஃப்ராவ் ஹெல்விக்கின் அறைக்குப் போனார்.

ஃப்ராவ் ஹெல்விக் வேகவைக்காத இறைச்சி தடவி வெங்காயம் தூவிய பன்னை அப்போதுதான் கையில் எடுத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அதைக் கீழே வைத்தார். அது பெரிய மரியாதை.

"பதினேழாவது கேள்விக்கு 'இல்லை'ன்னு போட்டது நீங்கதானே?"

"நான்தான். கையெழுத்துப் போட்டது நீங்க."

"அதப் பத்தி இப்ப யாரு கேட்டா? சரி, என்ன செய்யணுங்கறீங்க?"

"லாரிய நிறுத்தணும்."

"எப்படி? அழிப்பு உத்தரவு மேயர் போட்டது. மேயர் போட்டத என் நீலத்த வச்சு நிறுத்த முடியுமா? துணை மேயரோட சிவப்பே செல்லாது. பச்சைய நிறுத்தணும்னா பச்சைதான் வேணும்."

"அப்ப மேயருக்கு போன் போடுங்க."

"அவரு பிரான்சுல விருந்துல இருக்காரு. வெள்ளிக்கிழமைதான் வருவாரு. அப்படியே எடுத்தாலும் என்ன, போன்ல பச்சை வருமா?"

ஃப்ராவ் ஹெல்விக் குரலைத் தாழ்த்தினார்.

"ஃப்ராவ் ஓஸ்ட்காம்ப், நல்லதுக்குச் சொல்றேன். நிறுத்தினா நீங்க மறுபடியும் கீழ போகணும். நூறு சதவீதம்னு எழுதிக் கொடுத்திருக்கேன். தொண்ணூத்தொம்பதுக்கு ரூம் கிடையாது."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி. சாப்பாட்டு வேளை வாழ்த்துக்கள்!" என்று அலுவலகத்து வழக்கமான மதிய வணக்கத்தைச் சொல்லிவிட்டு அவர் பன்னை எடுத்துக்கொண்டார். மணி பதினொன்றே கால் ஆகியிருந்தது. அந்த நேரத்துக்கு மேல் க்ரோன்பெக்கில் எந்த ஆபத்தும் பேசப்படுவதில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு கெர்லிண்ட குடிமக்கள் சேவைப் பிரிவின் காத்திருப்புக் கூடத்துக்குப் போனார். அங்கே பிள்ளைகள் படம் வரைய ஒரு குட்டி மேசை உண்டு. ஒரு நான்கு வயதுப் பெண் டைனோசருக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பச்சப் பேனாவ அஞ்சு நிமிஷம் கொடுக்கிறியா?"

"டைனோசருக்கு வேணும்."

"அத ஊதாவா வரையேன்."

"டைனோசர் ஊதா கிடையாது," என்றாள் அவள். நிறத்துக்குப் பொருள் உண்டு என்பது அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. பேரம் பேசி, ஒரு மிட்டாய்க்குப் பேனாவைக் கொடுத்தாள்.

பத்து மணிக்குச் சரிவுப் பாதையில் லாரி பின்னோக்கி வந்து நின்றது. ஓட்டுநர் ஒப்படைப்புச் சீட்டை நீட்டினார். கெர்லிண்ட அதைச் சுவரில் வைத்து, டைனோசரின் பேனாவால் குறுக்காக எழுதினார்: 'நிறுத்தவும்.' கீழே யாருடையது என்று சொல்ல முடியாத ஒரு கிறுக்கல். ஒரு கோப்பைத் தொலைப்பவரை அந்த நகராட்சி மன்னித்திருக்கிறது. அலுவலகக் காரில் மரத்தை இடித்தவரையும் மன்னித்திருக்கிறது. பதவியில்லாத ஒருவர் பச்சையில் எழுதியதாகச் சரித்திரமே இல்லை.

ஓட்டுநர் சீட்டைப் பார்த்தார். இருபது வருடமாக அந்த நகராட்சிக்கு வருகிறவர்.

"ஓ, பச்சையா? அப்ப பேச்சே இல்ல." நகலைக் கிழித்துக் கெர்லிண்டவிடம் கொடுப்பதற்குப் பதில், மூலத்தையே கையில் திணித்தார். "நல்ல நாளா அமையட்டும்!" லாரி காலியாகக் கிளம்பிப் போயிற்று.

தூணுக்குப் பக்கத்தில் நின்ற ஓலாஃப் வாயிலிருந்த சிகரெட்டை எடுக்க மறந்துபோயிருந்தார்.

"கெர்லிண்ட, நீ இப்ப என்ன பண்ணினேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் ஒண்ணும் பாக்கல."

"நல்லதாப் போச்சு," என்று சொல்லிவிட்டு, கெர்லிண்ட சீட்டை விதிப்படி தபால் பிரிவின் தட்டில் கொண்டுபோய்ப் போட்டார்.

மேயர் வெள்ளிக்கிழமை திரும்பினார். நாற்பது வருட முடிவுகள் கறுப்பாகப் போன விஷயம் அவரிடம் முதலில் சொல்லப்பட்டது. அதற்கு அவர் "ம்" என்றார். பிறகு, 'உங்கள் பச்சை உத்தரவின்படி திரும்பிவிட்டோம்' என்ற அழிப்பு நிறுவனத்தின் கடிதத்தைக் காட்டினார்கள். அதற்கு எழுந்தே நின்றுவிட்டார்.

திங்கட்கிழமை விசாரணை. மேயர், ஃப்ராவ் ஹெல்விக், எதிரே கெர்லிண்ட. மேயரின் சட்டைப் பையில் பச்சைப் பேனா இருந்தது. அவர் அதைக் கையால் பொத்தியபடியே பேசினார்.

"சீட்டில் 'நிறுத்தவும்'னு எழுதினது நீங்களா?"

"ஆமாங்க. நான்தான்."

"எந்த மைல?"

"ஆவணத்தப் பாத்தாத் தெரியுமே."

"கொண்டுவாங்க அந்தச் சீட்ட!"

ஃப்ராவ் ஹெல்விக் தொண்டையைச் செருமினார். "சீட்டு இல்லைங்க. புது விதிப்படி அன்னன்னைக்கு வர்ற எல்லாக் காகிதத்தையும் தபால் பிரிவு அன்னைக்கே படம் பிடிச்சு ஏத்திருது. காகிதத்த அழிச்சிருது."

"படத்தக் காட்டுங்க."

அரை நொடிகூட ஆகவில்லை. மென்பொருள் தன் வாழ்நாளில் முதல்முறையாக எல்லாவற்றையும் சரியாக அட்டவணைப்படுத்தியிருந்தது. சீட்டு திரையில் வந்தது. 'நிறுத்தவும்.' கன்னங்கரேல் என்று இருந்தது.

மேயர் மூக்கு திரையில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"இது பச்சை," என்றார் மேயர்.

"பார்க்கக் கறுப்பாத்தாங்க இருக்கு," என்றார் ஃப்ராவ் ஹெல்விக்.

"லாரி நிறுவனம் பச்சைன்னு கடிதமே போட்டிருக்கே!"

"விதி ஏழுல, காகிதத்துக்கும் படத்துக்கும் முரண் வந்தா படமே செல்லும்னு இருக்குங்க. நீங்க ஒப்பம் போட்டது."

"கறுப்பில் யார் வேணும்னாலும் 'நிறுத்தவும்'னு எழுதலாம்," என்றார் கெர்லிண்ட, மிகவும் பணிவாக. "அதுல உத்தரவு ஒண்ணும் இல்ல. ஓட்டுநர் அதக் கேட்டிருக்க வேண்டியதில்ல."

மேயருக்கு இரண்டு வழி இருந்தது. சீட்டு கறுப்பு என்றால் குற்றமே இல்லை. பச்சை என்றால் காப்பகத்தில் ஏறிய இரண்டு லட்சத்துப் பதினோராயிரம் பக்கங்களும் பொய் சொல்கின்றன, அவருடைய பச்சைக்கு எந்த மதிப்பும் இல்லை. அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். பேனாவைப் பார்த்தார். ஊரின் வரலாறு அழிந்தால் அவர் தாங்கிக்கொள்வார். தன் கையெழுத்து பிற்காலத்தில் துணை மேயருடையது என்று யாராவது நினைத்துவிட்டால்?

"எல்லாத்தையும் மறுபடியும் கலர்ல ஏத்துங்க," என்றார். "முதல் பக்கத்துலேர்ந்து."

விசாரணைக் குறிப்பில் 'நடவடிக்கை தேவையில்லை' என்று பச்சையில் எழுதினார். அதையும் தபால் பிரிவு கறுப்பில் ஏற்றியது. கலர் அமைப்பு அடுத்த வாரம்தான் வரவிருந்தது.

கெர்லிண்ட காலையிலேயே விசாரணைக்குக் கையோடு கொண்டுவந்திருந்த தன் சிலந்திச் செடியை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். பூஜ்யம் சதவீதத்துக்கு உரிய இடம் அதுதான் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. கீழே ஓலாஃப் கதவை மறித்து நின்றார். அவருக்குப் பின்னால் நிலவறை முழுக்க மின்சார சைக்கிள்கள் வரிசையாக நின்றன. அழிப்பு உத்தரவு வந்த அன்றே அந்த இடம் முறைப்படி சைக்கிளுக்குக் கைமாறிவிட்டதாம். அதை ரத்து செய்ய நகரசபை கூட வேண்டுமாம். நகரசபை செப்டம்பரில்தான் கூடுமாம்.

"அப்ப என் பெட்டியெல்லாம்?"

"கோப்பு எங்க இருக்கோ பொறுப்பாளரும் அங்கதான், அதானே விதி?" ஓலாஃப் சிரிப்பை அடக்கினார். "ஹெல்விக் அம்மா அதத் திருப்பிப் போட்டுட்டாங்க. பொறுப்பாளர் நூத்திப் பதினாலுல இருக்காங்க, அதனால கோப்பும் அங்கயேன்னு. காலையிலேர்ந்து தூக்கித் தூக்கி என் முதுகு போச்சு. அறுநூத்தி நாப்பது பெட்டிடி!"

கெர்லிண்ட மறுபடியும் நாற்பத்திரண்டு படி ஏறினார். அறை நூற்றுப் பதினான்கைத் திறந்தார். தரையிலிருந்து கூரைவரை பெட்டிகள். மேசைக்குப் போக ஒரு ஆள் நுழையும் சந்து. மிகச் சரியாக, ஒரு விரல்கூட இடம் விடாமல், ஜன்னல் மறைக்கப்பட்டிருந்தது.

முதலில் புறாக்கூட்டுக் கோப்பை எடுத்து, பழைய மேயரின் பச்சைக் குறிப்பைத் தனிக் கடிதமாக எழுதி ஹெர் பீப்பன்ப்ரோக்குக்குத் தபாலில் அனுப்பினார். ஒன்பது நாள் ஆனதற்காக அவர் புகார்க் கடிதம் எழுதினார். பிறகு கெர்லிண்ட சுவரில் புதுத் தாள் ஒட்டி, பூஜ்யம் என்று எழுதினார். ஹெர் லூடெக்க வந்து, வரிசைப்படி 1981லிருந்து ஆரம்பிக்கலாம் என்றார்.

"இல்ல, ஹெர் லூடெக்க. ஜன்னல் ஓரமா இருக்கிற அடுக்குலேர்ந்து ஆரம்பிப்போம். மேலேர்ந்து."

"அதுல என்ன வரிசை இருக்கு?"

"இருக்கு. நீங்க பெட்டிய எடுங்க."

ஜூன் மாதக் கடைசியில் சுவரில் நான்கு சதவீதம் என்று எழுதியிருந்தது. ஜன்னலின் மேல்பக்கத்தில் ஒரு சாண் அளவுக்கு இடம் விட்டிருந்தது. அதன் வழியாகக் காலணிகள் தெரியவில்லை. லிண்டன் மரத்தின் உச்சி இலைகள் கொஞ்சமும், மிச்சத்துக்கு வானமும் தெரிந்தன.